பின்னாலிருந்து படித்தவள்

மார்ச் 3

என் வாயாடிக்கு,

இங்கே நான் நலம். நீயும் நலம் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்வது? நீ எழுதி மாதம் ஒன்று ஆகிறது. "நாள் முழுக்க ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் போன்ல பதில் சொல்லிட்டு வர்றேன், அதுக்கப்புறம் போனைக் கண்டாலே குமட்டுது, எதுவானாலும் எழுது" என்று சொல்லிவிட்டு வேலை மாற்றலில் போனவள் நீ. சரி என்று நானும் பேனாவைப் பிடித்தேன். இந்த இரண்டு வருடத்தில் என் கையெழுத்து தேறியிருக்கிறது. நாம்தான் தேறவில்லை.

இத்துடன் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். குளிர்காலம் முழுக்க என் உயிரை வாங்கிய ஜப்பானியப் படக்கதை, மங்கா என்பார்களே, அது இதுதான். ஜப்பானிய மொழி டீச்சர் ஒருவர் தமிழில் மொழிபெயர்த்து அனுப்புவார். பேச்சுக் குமிழிகளில் இருக்கும் ஜப்பானிய எழுத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு, தமிழை அளவு பார்த்து உள்ளே உட்கார வைப்பது என் வேலை. ஆனால் இந்தப் புத்தகத்தில் பேச்சே அதிகம் இல்லை. வரைந்தவன் இருக்கிறானே, அடேயப்பா, அப்படி ஒரு சிக்கனக்காரன்! ஒரு பெரிய நகரத்தை நாலு கோட்டில் முடித்துவிடுகிறான். முகம் என்றால் இரண்டு புள்ளி, ஒரு கோடு. சில பக்கங்களில் ஒன்றுமே இல்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வெறும் வெள்ளைத் தாள்.

எதிர்காலத்தில் நடக்கும் கதை. மனிதர்களின் கண், காது, கை எல்லாம் கம்பெனி கொடுத்த இயந்திரம். பாதி உடம்பு ஆளுக்குச் சொந்தம், பாதி கம்பெனிக்கு. அதில் வரும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். படித்துப் பார். இரண்டு வருடமாக நான் உன்னிடம் சொல்ல நினைப்பது என்னவென்று உனக்கே புரியும்.

அப்புறம் அந்தப் பத்திர விஷயம். உன் குரலை இயந்திரத்துக்குக் கொடுத்தால் இனி அதுவே பேசும், நீ வீட்டிலிருந்தே மேற்பார்வை பார்க்கலாம் என்று கம்பெனி கேட்பதாக எழுதியிருந்தாய். போட்டுவிடேன் கையெழுத்தை. அங்கே யாரோ ஒருத்தனின் மோட்டார் ஓடவில்லை என்பதற்கு நீ ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்? மெஷின் பேசட்டும். நீ இங்கே வா. கட்டிலில் உன் பாதியில் இப்போது புரூஃப் தாள்கள்தான் படுத்திருக்கின்றன.

உன்,
எழுத்தொட்டி
(நீ வைத்த பெயர்தான். ஆபீஸிலும் பரவிவிட்டது. நன்றி.)


மார்ச் 11

எழுத்தொட்டிக்கு,

புத்தகம் வந்தது. படித்தேன். படித்து முடித்ததும் சுவரைப் பார்த்து எறிந்திருப்பேன், பக்கத்து அறைக்காரி சண்டைக்கு வருவாளே என்று விட்டேன்.

இதுதான் நீ இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்ததா? நெஞ்சில் கை வைத்துச் சொல். முதல் பக்கத்தில் வெள்ளை நடுவில் இரண்டு வெறும் பாதங்கள். ஒருத்தி நிற்கிறாள். அடுத்த பக்கத்தில் ஒரு வெற்றுக் குமிழி, கோடு நடுங்குகிறது. பாவம், ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். அதற்குள் அவளை ஒரு கவுன்டரில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கவுன்டரில் இருப்பவனுக்கு முகமே கிடையாது, ஒரு வட்டம், அவ்வளவுதான். நடுவில் ஒரு இயந்திரத் தொண்டை. "கையெழுத்து" என்கிறான். "அடுத்தது" என்கிறான். அப்புறம் கை, அப்புறம் காது, அப்புறம் கண். ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிக்கொள்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் ஒயர் கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் விளக்குகள் எரியும் ஒரு அறையில் வரிசையாகப் பெண்கள், எல்லோருக்கும் ஒரே கோட்டில் ஒரே சிரிப்பு. அதில் இவள் எவள் என்று தேட வேண்டியிருக்கிறது. அதோடு கதை முடிந்தது. விலை, முகவரி எல்லாவற்றையும் புத்தகத்தின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸ் லட்சணம் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

"அந்தப் பெண்ணைப் பார்த்தால் உன் ஞாபகம்" என்று எழுதுகிறாய். அடுத்த பாராவில் "போட்டுவிடேன் கையெழுத்தை" என்கிறாய். கொடுப்பதை வாங்கி மாட்டிக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்து சிரிக்கச் சொல்கிறாய், அப்படித்தானே? அதைச் சொல்ல ஜப்பான்காரன் எதற்கு? நேராகவே எழுதியிருக்கலாமே.

பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? எதற்கு வேண்டுமானாலும், எந்தப் பொருளுக்கு வேண்டுமானாலும், எப்போதைக்குமாக. திரும்பக் கேட்கக் கூடாது. எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தேன்குடம். அவ்வளவு இனிப்பாகப் பேசுவார். "நீங்க ஓய்வெடுங்கம்மா, உங்க குரல் உழைக்கட்டும்" என்றார். "நான் செத்த பிறகும் அது பேசுமா சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு சம்பிரதாய வாசகம்மா" என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு ஒன்றும் தாகமில்லை என்றேன்.

என் குரல் ஒன்றும் குயில் இல்லை. கரகரப்பு எனக்கே தெரியும். ஆனால் திட்டிக்கொண்டு கூப்பிடுகிறவனிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றால், இவன் சொல்வது நியாயமா என்று முதலில் யோசிக்கிறேன். நியாயமில்லை என்றால் கேட்பதில்லை. அதற்கு எத்தனையோ மெமோ வாங்கியாயிற்று. என் வாயிலிருந்து வரும் மன்னிப்பு நான் கொடுப்பது. அதை எவனோ பித்தானை அமுக்கி எடுத்துக்கொள்ள விடமாட்டேன். போன வருடம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் என்று சொல்லிக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து "மன்னிக்கவும்" என்பதைப் பத்து விதமாகச் சொல்லச் சொன்னார்களே, அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். புரூஃப் தாள்களைக் கட்டிலிலிருந்து எடு.

இப்படிக்கு,
நான்


மார்ச் 17

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே படித்தேன். டீ மூக்கில் ஏறிவிட்டது. அடி அசடே, புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்திருக்கிறாய்!

ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடம் போகும். நாம் கடைசி அட்டை என்று நினைப்பதுதான் அவர்களுக்கு முதல் அட்டை. கட்டங்களையும் வலமிருந்துதான் படிக்க வேண்டும். வரைந்தவன் பிடிவாதக்காரன். இரண்டு அட்டையும் வெள்ளையாக இருக்க வேண்டும், பெயர் புத்தகத்தின் முதுகில் மட்டும், பக்க எண்ணே கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டான். நீ ஏமாந்ததில் வியப்பே இல்லை.

உண்மையில் தப்பு என்னுடையது. "நில்லுங்கள், இது கடைசிப் பக்கம், புத்தகத்தைத் திருப்பிப் பிடியுங்கள்" என்று ஒரு அறிவிப்புப் பக்கம் வைத்திருந்தோம். அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், முழுப் பாரமாகத்தான் ஓட்ட முடியும். எங்களுக்கு ஒரு பக்கம் மிஞ்சிவிட்டது. முதலாளி வந்து, "வெறும் வெள்ளைப் பக்கம்தான் கிடக்குதே, அதுல ஒண்ணைத் தூக்கு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "எனக்குத் தெரியும் சார்" என்றேன். அத்தனை பேர் முன்னால் குரல் உயர்த்திவிட்டேன், நானா என்று எனக்கே ஆச்சரியம். வெள்ளைப் பக்கத்தைத் தொடவிடாமல் அறிவிப்பைத் தூக்கினேன். "நம்ம வாசகர்கள் புத்திசாலிங்க சார், அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க" என்று பெருமையடித்தேன். முதல் வாசகி நீ.

திருப்பிப் படி. அவள் வாங்குவதில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பிக் கொடுக்கிறாள். கண், காது, கை, கடைசியில் தொண்டை. கொடுக்கக் கொடுக்கப் படத்தில் கோடுகள் குறைந்துகொண்டே வரும். நீ பார்த்த அந்த இரண்டு பாதங்களில்தான் கதை முடிகிறது.

இங்கே வேறு தலைவலி. வெள்ளைப் பக்கம் அச்சுப்பிழை என்று கடைக்காரர்கள் புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். முதலாளி மறுபதிப்பில் அந்த வெற்றுக் குமிழியை நிரப்பச் சொல்கிறார். "ஏதாவது எழுதுப்பா, 'விடுதலை'ன்னு எழுது. வாங்குறவனுக்கு ஒரு வார்த்தையாவது கிடைக்கணும்ல" என்கிறார். உனக்குத்தான் வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாதே. என்ன எழுதலாம், சொல்லேன்.

இன்னொன்று. கதையில் வருகிறவள் வேறு, நீ வேறு. அவள் உடம்பில் இருந்ததைக் கழற்றினாள். உன்னிடம் கேட்பது ஒரு நகல்தானே? குரல் உன்னிடமே இருக்கும். சண்டை போட்டுச் சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துவிடு, ராஜாத்தி. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உன்,
எழுத்தொட்டி


மார்ச் 24

எழுத்தொட்டிக்கு,

சரி சரி, பின்னாலிருந்துதான் படித்தேன். அதற்காக ஊரைக் கூட்டிச் சிரிக்க வேண்டாம்.

திருப்பிப் பிடித்துப் படித்தேன், தனியாக இல்லை. எனக்குப் பக்கத்து இருக்கை தும்மல் அக்காவோடு. ஏ.சி. போட்டாலே தும்முவார், அதனால் அந்தப் பெயர். சாப்பாட்டு இடைவேளையில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கவுன்டர் படத்தைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை நீண்டிருக்கிறது, நடுவில் தொண்டை இருக்கிறது. கொடுக்கிறாளா வாங்குகிறாளா என்று அந்தப் படத்தில் தெரியவே தெரியாது! எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தும்மல் அக்காதான் ஒன்றைக் கண்டுபிடித்தார். "இங்க பாருடி, இவ திருப்பிக் குடுக்கும்போதும் அந்தாளு 'கையெழுத்து'ன்னுதான் கேக்கிறான். எப்படிப் போனாலும் அவனுக்கு நம்ம கையெழுத்து வேணும்." இப்போது எங்கள் பிரிவில் ஆளாளுக்கு அந்தப் புத்தகம்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்கிறார்கள்.

குமிழி விஷயம். ஒன்றும் எழுதாதே. கம்பெனித் தொண்டையில் அவள் பேசும்போதெல்லாம் குமிழி அளவுகோல் வைத்துப் போட்ட பெட்டியாக இருக்கிறது, நீயே பார். கடைசிக் குமிழி மட்டும் கையால் போட்டது. அது அவளுடைய சொந்தக் குரல். என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் அவள் மனசுக்கும் உள்ளது. அதில் ஒரு எழுத்தை ஒட்டினாய் என்றால், நமக்குள் இந்தக் கடிதப் போக்குவரத்துகூடக் கிடையாது, சொல்லிவிட்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் தூக்கவிடாமல் முதலாளியிடம் எகிறியவன் நீ. என் தொண்டைக்கு மட்டும் "நகல்தானே" என்கிறாய். ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாய். எழுத்தை ஒட்டினாய், அவ்வளவுதான். படிக்கவில்லை.

என்னை வீட்டுக்குக் கூப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் உன் ஞாபகம் வராமல் இல்லை. சில நாள் சாயங்காலம் பஸ்ஸில் உன் உயரத்தில் எவனாவது ஏறினால் நீயோ என்று எட்டிப் பார்க்கிறேன். ஆனால் என் குரலை விற்று அந்தக் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரமாட்டேன். நாளை மறுநாள் தேன்குடத்திடம் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 2

என் கண்ணே,

இன்றைக்கு உன்னை வாயாடி என்று கூப்பிட மனம் வரவில்லை.

உன் கடிதம் என்னைக் குத்திவிட்டது. எழுத்தில் பதில் சொல்ல முடியவில்லை. உன்னோடு பேசியாக வேண்டும், நீயோ போனைத் தொடமாட்டாய். அப்போதுதான் உதித்தது. மார்ச் முப்பதாம் தேதி, மத்தியானம், ஃப்ரிட்ஜ் பழுது என்று உங்கள் சேவை எண்ணுக்கே கூப்பிட்டுவிட்டேன்! ஃப்ரிட்ஜுக்கு ஒரு குறையும் இல்லை. வேறு யாராவது எடுத்தால் வைத்துவிடலாம், நீ எடுக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் தடவையே உன் குரல்! அதே கரகரப்பு. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"நான்தான்" என்றேன். "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாய். பேச்செல்லாம் பதிவாகும், அதனால்தான் மூன்றாம் மனுஷனிடம் பேசுவதுபோல "ங்க" போடுகிறாய் என்று புரிந்துகொண்டேன். நான் எதையும் மறைக்கவில்லை. நீ கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் நான் ஏன் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன், அதற்குப் பிறகு இந்த வீட்டில் எப்படி இருக்கிறேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "என்மேல இன்னும் கோபமா?" என்று கேட்டேன். "உங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லைங்க. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிச்சுக்கணும்" என்றாய். நான் உடைந்து அழுதுவிட்டேன். நீ கேட்டிருப்பாய்.

எவ்வளவு காலமாயிற்று நீ என்னிடம் இவ்வளவு மென்மையாகப் பேசி! மனசிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தது போலிருக்கிறது. குமிழியில் ஒன்றும் எழுதமாட்டேன், உனக்காக. எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது. கட்டிலைச் சுத்தம் செய்துவிட்டேன்.

உன்னுடையவன்


ஏப்ரல் 7

உனக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தும்மல் அக்காவிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன், நான்தான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டேனா என்று.

நீ கூப்பிட்டது மார்ச் முப்பது. மாட்டேன் என்று நான் சொன்னது இருபத்தாறு. "கொஞ்ச நாள் வெளியில இருந்து யோசிச்சுட்டு வாங்கம்மா" என்று தேன்குடம் சிரித்துக்கொண்டே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. முப்பதாம் தேதி மத்தியானம் நான் மொட்டை மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

நீ பேசியது என்னோடு இல்லை.

போன வருடம் கண்ணாடி அறையில் பதிவு எடுத்ததை வைத்து அந்த இயந்திரக் குரலைச் செய்திருக்கிறார்கள். நான் சம்மதிக்கும் முன்பே செய்து முடித்துவிட்டுத்தான் சம்மதம் கேட்டிருக்கிறார்கள்.

அது உன்னை ஏமாற்றியதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. யாராயிருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். அது உனக்குப் பிடித்துப்போயிற்றே, அதற்குத்தான் என் வயிறு எரிகிறது. "ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை" என்று எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறாய்! வைத்துக்கொள். கட்டணமில்லாத எண். எந்த நேரமும் எடுக்கும், எதிர்த்துப் பேசாது, திட்டினாலும் மன்னிப்புக் கேட்கும். நான் வந்து என்ன செய்யப்போகிறேன்?

அதைவிட ஒன்று இருக்கிறது. பஸ் நிலையத்தில் நீ ஏன் அப்படி நடந்துகொண்டாய் என்பதை இரண்டு வருடமாக நான் கேட்கிறேன். எனக்குச் சொல்லாததை அதனிடம் சொல்லியிருக்கிறாய். அந்த வார்த்தைகள் எனக்குச் சேர வேண்டியவை. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது, மற்றதெல்லாம் வெறும் கோபம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கம்பெனிமேல் புகார் கொடுத்துவிட்டேன். தும்மல் அக்காவும் இன்னும் சிலரும் என்னோடு நிற்கிறார்கள். "அது பொதுவான பெண் குரல், ஒற்றுமை தற்செயல்" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். கட்டிய புருஷனே பெண்டாட்டி என்று நம்பி அழுதிருக்கிறான் என்றால் அது என்ன தற்செயல்? இருபத்திரண்டாம் தேதி தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. நீ வந்து சொல்ல வேண்டும். என் பெண்டாட்டியின் குரல் என்று நினைத்தேன், ஏமாந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மானம் போகும். அது எனக்குத் தெரியும்.

வருவதென்றால் வா. வராவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 12

என் வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூசியது.

பிறகு மறுபடி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, சோதித்துப் பார்க்கத்தான். அதே குரல். "டீயில சர்க்கரையே இல்லை" என்றேன். மன்னிப்புக் கேட்டது. "நீ சரியான திமிர் பிடிச்சவ" என்றேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டது. "உன் அம்மா வீட்டாளுங்க யாருக்குமே மரியாதை தெரியாது" என்று ஒன்று போட்டேன். "உங்க கருத்துக்கு நன்றிங்க" என்றது! நீயாயிருந்தால் ரிசீவர் வழியாகவே கையை விட்டு அறைந்திருப்பாய். நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்று ஏங்கி ஏங்கி என் காது செத்துப்போயிருந்தது, வேறென்ன சொல்ல.

நீ சொன்னது சரி. நான் படிக்கவில்லை. நேற்று அந்தப் புத்தகத்தை எழுத்து சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல், வாசிக்கிறவனைப்போல வாசித்தேன். விளக்குகள் எரியும் அறையில் வரிசையாகச் சிரிக்கிறார்களே, அந்தப் படத்தில் இவளை ஒரு தடவைகூட நான் தேடியதில்லை. எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், ஒரே அளவில் எழுத்தை வெட்டி ஒட்டலாம், வேலை சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

விசாரணை வாரத்தில்தான் மறுபதிப்பு ஓடுகிறது. முதலாளியிடம் போனேன். "குமிழி வெறுமையாத்தான் இருக்கும் சார். எனக்கு மூணு நாள் லீவு வேணும்" என்றேன். "அப்ப நான் வேற ஆளைப் பார்த்துக்கட்டுமா?" என்றார். "பாருங்க. வர்ற ஆளும் அதைத் தொடக் கூடாதுன்னு டீச்சரே எழுதிக் குடுத்திருக்காங்க" என்று தாளை மேஜையில் வைத்தேன். திரும்பி வரும்போது என் இருக்கை இருக்குமோ இருக்காதோ, தெரியாது. மானம் போகட்டும். வருகிறேன்.

அதனிடம் சொன்னதை இதில் எழுதமாட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
எழுத்தொட்டி


ஏப்ரல் 30

எழுத்தொட்டிக்கு,

நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்ததும், உன் இருக்கை இருந்ததும் அறிந்தேன். உங்கள் முதலாளிக்கு உன்னைவிட்டால் ஆள் கிடைக்காது, அது எனக்கு முன்பே தெரியும்.

விசாரணையில் நீ முன்னால் நின்றாய், நான் பின்வரிசையில் இருந்தேன். என் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கம்பெனி வக்கீல் எழுந்து, "போன்ல பேசினப்போ உங்க மனைவி இல்லைன்னு உங்களுக்கே தெரியலை. இப்ப மட்டும் அது அவங்க இல்லைன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?" என்று மடக்கினாரே, தும்மல் அக்காவின் கையைப் பற்றிக்கொண்டேன். தொலைந்தோம் என்று நினைத்தேன். நீ வேர்த்து விறுவிறுத்து நின்றாய். சட்டைப் பித்தானை வேறு மாற்றிப் போட்டிருந்தாய். அப்புறம் சொன்னாய்: "சார், கல்யாணம் ஆன நாள்லருந்து என் பெண்டாட்டி என்னை ஒரு தடவைகூட முழுசாப் பேச விட்டதில்லை. அது விட்டுச்சு."

அறையே சிரித்தது. அதிகாரி குனிந்து எழுதுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். தும்மல் அக்கா சிரித்துத் தும்மி, தும்மிச் சிரித்து வெளியே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் இப்படி ஒருத்தன் என்னைத் தெரிந்து வைத்திருக்கிறானே என்று இருந்தது.

நேற்று உத்தரவு வந்தது. தீர்ப்பு வரும்வரை என் குரலை எங்கும் பயன்படுத்தக் கூடாது. என் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தேன்குடம் சிரிக்காமல் கொடுத்தார், அதுவே எனக்குப் போதும். சேவை எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். நான் இல்லை. வேறொரு பெண், சின்ன வயசுக் குரல், அழகாகத்தான் இருக்கிறது. அவளிடம் கேட்டார்களா என்று தெரியவில்லை. யார், எந்தக் கிளை என்று தேடிக்கொண்டிருக்கிறோம். கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

அதனால் வீட்டுக்கு வரமாட்டேன். திங்கட்கிழமையிலிருந்து என் நாற்காலியில் உட்காரப்போகிறேன். இங்கேயும் அச்சகங்கள் இருக்கின்றன, எழுத்து ஒட்ட ஆள் தேவைப்படும். வருவதாயிருந்தால் இந்தத் தடவை நீ வா.

ஒன்று பாக்கி. விசாரணை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, பஸ் நிலையத்து விஷயத்தை நீ சொல்ல ஆரம்பித்தாய். நான் வக்கீலைப் பற்றிப் பேசினேன். மறுபடி ஆரம்பித்தாய். டீ ஆறிவிட்டது என்றேன். மூன்றாவது தடவை, உன் பித்தானைச் சரிசெய்யச் சொன்னேன். தெரிந்துதான் வெட்டினேன். அதை முழுசாகக் கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உன் பின்னாலேயே பஸ் ஏறிவிடுவேனோ என்று பயம்.

இனி அந்தப் பயம் இல்லை. வந்து சொல். நடுவில் நான் குறுக்கே பேசுவேன், அப்படியில்லை என்பேன், எழுந்து போவேன், பழைய கணக்கெல்லாம் எடுப்பேன். நான் அப்படித்தான். விடாமல் சொல்லி முடி.

இப்படிக்கு,
நான்